அரக்குப் பட்டில் ஒட்டியிருந்த நூல் பிசிறு

போன மாதம் முருகேசன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தின் தென்காசிக் கிளையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பேச்சோடு பேச்சாக, "இப்பல்லாம் பாதி வேலை போன்லயே முடிஞ்சிருது அண்ணாச்சி. பீரோவத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுதோம். பூச்சி உண்டா இல்லியான்னு பாத்துப் பதில் போட்டுருதோம். நேத்துகூட ஒரு வீட்டுக்குப் பூச்சி இல்லன்னு போட்டேன்" என்றான்.

என் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டிவிட்டது. அவன் பதறி எழுந்து, "என்ன அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை போட்டியளா?" என்றான்.

"பூச்சி இல்லன்னு சொல்ல யாருலே உனக்குச் சொல்லித் தந்தது?"

"நீங்கதான்" என்று சிரித்தான். "அடிச்சுச் சொல்லணும், அப்பத்தான் காசு குடுப்பான்னு நீங்கதான சொல்லுவிய?"

சொல்லியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குத் துணிப்பூச்சி பற்றி ஏதாவது எழுதித் தரும்படி அவன் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எழுதுகிறேன். அவன் எதிர்பார்த்த கட்டுரையாக இது இருக்காது.

பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தேன். ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை, பூச்சி மருந்து அடிக்கும் வேலை கிடைத்தது. பட்டம் வாங்கியவன் முதுகில் டின்னைச் சுமந்துகொண்டு போகிறானே என்று அப்பா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கூச்சத்தை மறைக்க, போகிற வீட்டிலெல்லாம் இரண்டு லத்தீன் பெயர்களை எடுத்துவிடுவேன். எனக்கு மேலே இருந்த சாமுவேல் சாருக்கு அது பிடிக்காது. "ஏலே, பூச்சிக்கு அதோட பேரு தெரியாது. நீ என்ன தீர்ப்புச் சொன்னேங்கிறது மட்டுந்தான் வீட்டுக்காரனுக்கு ஞாபகம் இருக்கும்" என்பார்.

அவர் வேலை பார்க்கும் விதத்தை நான் சரியாகப் பார்த்தது குற்றாலத்தில் ஒரு விடுதியில். சாரல் தொடங்கியிருந்தது. போன சீசன் முடிந்ததும் கட்டிவைத்த கம்பளிகளை எடுத்தால் எல்லாம் ஓட்டை. மேலாளர் அவசரத்தில் இருந்தார். "மருந்த அடிச்சிட்டுப் போங்க சார், அருவியில தண்ணி விழுந்திட்டு. நாளைக்கே கூட்டம் வந்துரும்" என்றார். சாமுவேல் சார் செருப்பை வெளியே கழற்றினார். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, கம்பளி அடுக்கிய அறையின் நடுவில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் என் காதருகே வந்து, "சார் என்ன, ஜெபம் பண்ணுதாரா?" என்றார்.

"ஆமா, உமக்கும் சேத்துத்தான் வே" என்றார் சாமுவேல் சார், திரும்பாமலே.

பிறகு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை அலமாரிப் பலகைக்குச் சமமாகப் படுக்கவைத்து அடித்தார். வைக்கோல் நிறத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய அந்துப்பூச்சி ஒன்று பறக்காமல் ஓடி, மடிப்புக்குள் புகுந்தது. "லைட்டத் தேடி வருதது அரிசி அந்து. லைட்டக் கண்டு ஓடி ஒளியுதுலா, இதுதான் துணி அந்து. ஆனா துணியத் தின்னது இதில்ல. இதுக்குத் திங்க வாயே கிடையாது. இது போட்ட முட்டையில வந்த புழுதான் தின்னுருக்கு" என்றார். ஒரு கம்பளியை வெள்ளைத் தாளின் மேல் தட்டினார். மணல்போல விழுந்தது புழுவின் எச்சம். சிவப்புக் கம்பளியிலிருந்து சிவப்பாகவும், நீலக் கம்பளியிலிருந்து நீலமாகவும் விழுந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் மருந்து கலக்கப் போனேன். அவர் ஏணி கேட்டார். வென்டிலேட்டருக்கு வெளியே பழைய புறாக்கூடு ஒன்று இருந்தது. இறகுகளும், செத்துக் காய்ந்த குஞ்சு ஒன்றும் கிடந்தன. அதற்குள் புழு நெளிந்தது. "தின்னது இங்கன, பொறந்தது அங்கன" என்று இறங்கி வந்தார். கம்பளி, பட்டு, முடி, இறகு, தோல் என்று உயிருள்ளவற்றின் உடம்பிலிருந்து வந்த எதுவும் இந்தப் புழுவுக்கு ஆகாரம். பருத்தியையும் நைலானையும் அது தானாகத் தேடிப் போகாது. ஆகவே துணியில் ஓட்டையைப் பார்த்தால், அந்த வீட்டில் முடியும் இறகும் வேறு எங்கே கிடக்கின்றன என்று தேட வேண்டும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எவ்வளவு தேடினாலும் 'பூச்சி இல்லை' என்று சொல்லமாட்டார். "இன்னைக்கு, இந்த வெளிச்சத்துல, என் கண்ணுக்குப் படல" என்பார். அதை நான் பயந்தவனின் பேச்சு என்று நினைத்தேன். அவர் இடத்துக்கு நான் வந்ததும் முதலில் விட்டொழித்தது அந்த வாக்கியத்தைத்தான்.

இனி, தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை.

பட்டாளத்திலிருந்து சுபேதாராக ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே புது வீடு கட்டிக் குடியேறியிருந்தார். சுபேதார் அண்ணாச்சி என்றே சொல்வோம். மனைவி பேச்சியம்மாள், ஒரே மகள் கோமதி. அவருடைய தங்கை செல்லத்தாயும் அந்த வீட்டில்தான் இருந்தார். கல்யாணமாகிச் சீக்கிரமே புருஷனைப் பறிகொடுத்தவர். பின் அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கோமதியை வளர்த்ததில் பாதிக்கு மேல் அவர்தான் என்று பின்னால் அறிந்தேன்.

கோமதிக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் பட்டு பின் அறை பீரோவில் இருந்தது. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க அதை விரித்தபோது ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வரிசையாக ஓட்டைகள். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்தச் சேலை, விதவை அத்தை, அவர் கையில் கத்தரிக்கோல். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மூன்றும் சேர்ந்து ஒரு முடிவாகியிருந்தன. என்னைக் கூப்பிட்டது சுபேதார்தான். தங்கைமேல் பழி விழக்கூடாது என்று அவர் உள்ளூர ஆசைப்பட்டிருக்கிறார். அன்று அது எனக்குப் புரியவில்லை.

அன்று குற்றாலத்தில் இரண்டு விடுதி வேலைகள் பாக்கி. நான் நாற்காலி கேட்கவில்லை. விளக்கை அணைக்கவில்லை. பீரோ புதிது, உள்ளே பாச்சை உருண்டை வாசம், நூலாம்படை இல்லை, அந்து இல்லை. சேலையைக் கட்டிலில் விரித்தார்கள். அரக்கு நிறத்தில் நல்ல பட்டு. அதன்மேல் அங்கங்கே அதே நிறத்தில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. தையல்காரி அறை, பிசிறு இருக்கத்தானே செய்யும்? ஒன்றை நகத்தால் நிமிண்டி எடுத்து ஊதிவிட்டேன். கீழே விழுந்தது.

"பூச்சியா, மனுசக் கையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க சார்" என்றார் சுபேதார்.

"பூச்சி இப்படி ஸ்கேல் வச்சு அளந்தா திங்கும்? பூச்சி இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"அப்பமே சொன்னேன்" என்றார் பேச்சியம்மாள். "தான் வாழல, அடுத்தவளும் வாழப்பிடாது."

"மதினி, வாய அளந்து பேசுங்க" என்ற செல்லத்தாய் என் பக்கம் திரும்பினார். "சார், இன்னொருக்கா நல்லாப் பாருங்க சார்."

"நான் எத்தன வருசமா இதப் பாக்கேன் தெரியுமா? காலேஜ்ல படிச்சுட்டு வந்திருக்கேம்மா" என்றேன். அதைச் சொன்ன என் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. கதவோரம் நின்ற கோமதி அழவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். கல்யாணப் பெண்ணுக்கு இவ்வளவு திடமா என்று வியந்துகொண்டே பைக்கை எடுத்தேன்.

வேறு பட்டு வாங்கி, குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அடுத்த கோடையில் சுபேதார் மறுபடி கூப்பிட்டார். பட்டாளத்தில் கொடுத்த கம்பளிக் கோட்டு அரித்துப் போயிருந்தது. அதே பின் அறை, அதே பீரோ. தையல் மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது.

கோட்டு பச்சை. அதன் கழுத்துப் பட்டையில் பச்சையாக ஒரு நூல் பிசிறு. நகத்தைக் கொண்டுபோனேன். பிசிறு நகர்ந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். பிசிறின் ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலை ஒன்று வெளியே வந்து, கோட்டைப் பற்றி, தன் வீட்டை இழுத்துக்கொண்டு அரை விரல் தூரம் நடந்தது. கூடு கட்டும் துணிப்புழு. தின்கிற துணியின் இழையையே கத்தரித்துத் தன்னைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். பச்சையைத் தின்றால் பச்சைக் கூடு, அரக்கைத் தின்றால் அரக்குக் கூடு. நம் வீட்டுச் சுவர்களில் பூசணி விதைபோலச் சாம்பல் நிறத்தில் ஊர்ந்து போகுமே, அதற்கு உறவு. கல்லூரியில் படித்து, பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதைத்தான் நகத்தால் எடுத்து ஊதினேன்.

"என்ன சார், முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் சுபேதார்.

அன்றைக்கு நாற்காலி கேட்டேன். டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தேன். பீரோவுக்குப் பின் சுவரில் கூடுகள் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஏணி போட்டுப் பரணைப் பார்த்தேன். ஒரு துணிப்பை இருந்தது. தலைவாரும்போது சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சேர்த்துவைத்து, சவுரிமுடி வாங்க வருபவரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சியம்மாள் பழைய வீட்டிலிருந்தே சேர்த்த பை அது. புது வீட்டுத் தெருவுக்கு முடிக்காரர் வருவதில்லை. பை பரணில் மறந்து கிடந்தது. வாயைப் பிரித்தேன். உள்ளே முடி அசைந்தது. கறுப்புக் கூடுகள், பை நிறைய. பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கெட்டுப்போன முகூர்த்தச் சேலையைத் தூரப் போட மனசில்லாமல் வைத்திருந்தார்கள். கொண்டுவரச் சொன்னேன். கடையில் மடித்துத் தந்த மடிப்பிலேயே மடித்துப் பார்த்தேன். எல்லா ஓட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஒரே ஓட்டையாகிவிட்டன. புழு மடிப்பின் ஓரத்தைத் தின்றிருக்கிறது. விரித்தால் அளந்து வெட்டியதுபோலத்தான் இருக்கும். மடித்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. உள்மடிப்பில் காலியாகிப்போன அரக்குக் கூடுகள் ஒட்டியிருந்தன. நாலைந்தைச் சிறு குப்பியில் போட்டுக்கொண்டேன்.

செய்யவேண்டியதைச் செய்தேன். புதியவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். முடிப் பையைப் பாலிதீனில் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்தோம். பீரோவைக் காலி செய்து, மூலைமுடுக்கு, பலகைச் சந்து, பீரோவின் முதுகு, பரண் எல்லாவற்றையும் உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்து, அந்தத் தூசியையும் வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்தினோம். மருந்து சுவர் விரிசலுக்கும் சந்துக்கும் மட்டும், துணிமேல் அடிக்கக்கூடாது. கோட்டையும் சால்வைகளையும் வெயிலில் போட்டு, தையல் ஓரத்திலும் பட்டைக்கு அடியிலும் பிரஷ்ஷால் தேய்த்தோம். வெயிலில் போடமுடியாத பட்டுகளைக் காற்றுப் போகாமல் பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்குமேல் வைத்து, வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடி வைக்கச் சொன்னேன். முட்டையும் அதில் தப்பாது. கட்டிய சேலையைக் கசங்கலோடு உள்ளே வைக்கக்கூடாது. வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தில்தான் புழு முதலில் வாய் வைக்கும். பாச்சை உருண்டை இறுக மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும். தினம் திறந்து மூடும் பீரோவில் அது வெறும் வாசனை. வேப்பிலையும் அப்படித்தான். சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். இந்த அந்துக்கு இருட்டும், யாரும் தொடாத அமைதியும் வேண்டும்.

வேலை முடிந்து கை கழுவும்போதுதான், "தங்கச்சி எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இலஞ்சியில ரூம் எடுத்து இருக்கா. போகச் சொல்லிட்டோம்."

"அண்ணாச்சி, அவங்க வெட்டல. பூச்சிதான். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "என்னவே சொல்லுதீரு? அவளே ஒத்துக்கிட்டாளே. நாந்தான் வெட்டுனேன்னு சாமி முன்னால நின்னு சொன்னாளே!"

ஒரு புழு தின்றதை, தான் வெட்டியதாக ஒருத்தி எப்படி ஒத்துக்கொள்வாள்? பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதாவே இருக்கட்டும் சார். இப்பப் போயி இத எடுத்தா என் மக மாமியா வீட்டுல எங்களத்தான் கேவலமாப் பேசுவாவ. முடிப் பை வச்சிருந்தது நானுன்னு ஊர் சிரிக்கும். உங்க பேரும்லா கெட்டுப்போவும்?" என்றார். சுபேதார் தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சியம்மாள் கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்தது. விழா, சால்வை, பாராட்டுப் பேச்சு எல்லாம் நடந்தது. குப்பி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. இலஞ்சி எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். குற்றாலத்துக்குக் குளிக்கப் பஸ்ஸில் போகிறபோதெல்லாம் அந்த வழியாகவே போய்வந்தேன். இறங்கவில்லை. வருஷங்கள் போய்விட்டன. இதற்கு நான் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

முருகேசன் வந்துபோன மறுநாள் காலை இலஞ்சியில் இறங்கினேன்.

செல்லத்தாய்க்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. மிஷினை நிறுத்தாமல், "வாங்க சார். இங்கன பூச்சி ஒண்ணும் இல்லியே" என்றார்.

குப்பியை மிஷின்மேல் வைத்து, லென்சைக் கொடுத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஊதிவிட்டதையும், தெரிந்தபிறகு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் லென்சை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்தப் பிள்ளையும் வெட்டல" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கோமதிய சொல்லுதேன். அவளுக்கு அந்த மாப்பிள்ளையப் பிடிக்கல. எங்கிட்ட மட்டுந்தான் சொல்லி அழுதா. படிச்ச மனுசன் நீங்க, பூச்சி இல்லன்னுட்டிய. பூச்சி இல்லன்னா கைதான? என் கை இல்லன்னு எனக்குத் தெரியும். அப்ப யாரு கை? கற்பூரத்த ஏத்தி, அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னு எங்க அண்ணன் சொன்னான். நான் பண்ணியிருப்பேன் சார். பொய்யில்லையே. ஆனா நான் அணைச்சிட்டா அடுத்து அவளத்தான அணைக்கச் சொல்லுவாவ? அதான் நாந்தான்னுட்டேன்."

என் வார்த்தை ஊரை மட்டும் நம்பவைக்கவில்லை. குற்றமற்றவளையே நம்பவைத்திருக்கிறது.

"இத்தன வருசத்துல ஒரு போன் பண்ணல சார் அவ. நமக்காகப் பழிய ஏத்துக்கிட்டாளேன்னு ஒரு வார்த்த கேக்கலியேன்னு வயித்தெரிச்சல்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்." செல்போனை எடுத்து நம்பரைத் தேடி, சத்தமாக வைத்து, என் கையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான எல்லாரும் நம்புவாவ."

திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த கோமதி எடுத்தாள். நான் யாரென்று சொன்னேன். "உன் சேலையப் பூச்சிதாம்மா தின்னுருக்கு. உங்க அத்தை வெட்டல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டது.

"அத்த வெட்டலையா?"

"இல்லம்மா."

"எனக்காகத்தான் அத்த வெட்டுனான்னுல்லா நெனச்சேன். கல்யாணத்த நிறுத்தத்தான் வெட்டுனா, முடியல, நம்மளால அவளுக்கும் வீடு போச்சேன்னு கூசிப்போயித்தான் பேசாம இருந்தேன். இங்க இவரு கைய ஓங்குதப்பல்லாம், நமக்காவ ஒருத்தி கத்திரி எடுத்தாளேன்னு நெனச்சுக்கிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதும் பூச்சிதானா சார்?"

செல்லத்தாய் என் கையிலிருந்து போனைப் பறித்தார்.

"ஏட்டி, அடிக்கானா உன்னைய?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"நான் வெட்டியிருக்கணும்ட்டி. வெட்டாம விட்டதுதான் என் தப்பு. இப்ப வெட்டுதேன். பொறப்பட்டு வா."

"அப்பா வீட்டுக்கா?"

"இங்கன. இலஞ்சிக்கு."

"ஒத்த ரூம்தான அத்த, எங்கன படுக்க?"

"நீ பஸ் ஏறு. இடத்த நான் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்துவிட்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, துணி மூட்டைகள், நடுவில் மிஷின். பிறகு நான் இருப்பது நினைவுக்கு வந்ததுபோல என் பக்கம் திரும்பினார்.

"சார், சும்மா நிக்காதிய. அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

இரண்டு பேருமாக மிஷினைத் தூக்கிச் சுவரோரம் வைத்தோம். ஒரு ஆள் படுக்க இடம் வந்தது.